அடி காணாத காபி அண்டா

எரியும் அடுப்பின் மேல் அடித்துச் சத்தியம்: இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் நிஜம். கலப்படமெல்லாம் காபியில்தான், கதையில் கிடையாது.

அந்தத் தீவின் படகுத்துறையில், தென்னை மரங்களுக்கு நடுவே ஒரே ஒரு காபிக்கடை. நாலு பெஞ்சு, ஓர் அண்டா. கடைக்காரரின் தொழில் சூட்சுமம் ரொம்ப எளிது. படகில் வந்தவர்கள் வெயிலில் வதங்கிப்போய் உட்காருவார்கள். காசை முதலிலேயே வாங்கிக்கொண்டு, நாக்கை வைத்தால் நாக்கு திரும்பி வராத சூட்டில் காபியை ஊற்றி வைப்பார். அவர்கள் ஊதி ஊதி உதட்டருகே கொண்டுபோகும் நேரம் பார்த்துப் படகோட்டி ஊதலை அலறவிடுவார். படகு போய்விடுமோ என்ற பயத்தில் டம்ளரைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். காபி வந்த வழியே அண்டாவுக்குள் போய்விடும். படகோட்டி வேறு யாருமில்லை, கடைக்காரர் மனைவியின் அண்ணன்தான்.

கடைக்காரருக்குக் கல்யாணமான வருஷம் போட்ட காபி அது. மகளுக்கே கல்யாண வயசு வந்துவிட்டது. காபி இன்னும் தீரவில்லை.

அன்றைக்குக் கடைக்காரருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"என்ன மச்சான், உங்க தொட்டி இன்னிக்கு லேட்டு?"

"எதைத் தொட்டிங்கிறீங்க மாப்பிள்ளை?"

"மிதக்குதுங்கறதுக்காகப் படகுன்னா சொல்ல முடியும்?"

படகோட்டி படகைக் கூடுதலாக ஒரு முடிச்சுப் போட்டுக் கட்டினார். பெஞ்சில் வந்து காலை நீட்டிப் படுத்தார்.

காபி ஊற்றியாயிற்று. பயணிகள் ஊதினார்கள். ஊதல் மட்டும் ஊதவில்லை. கடைக்காரர் பெஞ்சுப் பக்கம் குனிந்தார். யாராவது முழுசாகக் குடித்துவிட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

"ஊதுங்க மச்சான்."

"தொட்டிக்கு எதுக்கு ஊதல்?"

மீசைக்காரப் பயணி ஒருவர் முதலில் குடித்து முடித்தார். கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அடேயப்பா! எத்தனையோ ஊர்ல குடிச்சிருக்கேன், இந்த ருசி எங்கயும் கிடையாது. இன்னொண்ணு ஊத்துங்க!"

"எனக்கும்!" "இங்கயும் ஒண்ணு!"

கடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. ஊற்றினார், ஊற்றிக்கொண்டே இருந்தார். திடீரென்று மனைவி காதைக் கடித்தாள்.

"என்னங்க, கரண்டி அடியில டங்குங்குது!"

வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து அவள் கேட்டிராத சத்தம் அது. அடுத்த கரண்டியில் ஒரு கைக்கடிகாரம் வந்தது. ஓடிக்கொண்டுதான் இருந்தது, காபியிலேயே ஊறியதால் கொஞ்சம் வேகமாக ஓடியது. அதற்கடுத்து ஒரு தோடு.

"ஐயோ, கல்யாணமான புதுசுல நான் இங்க தொலைச்ச தோடு!" என்றாள் பேரன் பேத்தியோடு வந்திருந்த அம்மாள்.

"காபி விளையற மண்ணுல தங்கம் ஜாஸ்திம்மா," என்றார் கடைக்காரர், முகத்தைத் துளிகூட மாற்றாமல்.

மீசைக்காரர் தன் டம்ளருக்குள் விரலை விட்டார். "இது என்னய்யா, பல்லு செட்டு?"

"நம்ம காபி கெட்டிங்க. மென்னு குடிக்கறவங்களுக்கு அது இலவசம்."

"அண்டாவைச் சாய்யா, உள்ள பார்க்கணும்!" மீசைக்காரர் எழுந்துவிட்டார். அவர் பின்னால் மொத்தக் கடையும் எழுந்தது.

கடைக்காரர் பெஞ்சுக்கு ஓடி மச்சான் காலைப் பிடித்தார்.

"மச்சான், அது தொட்டி இல்ல, கப்பல்!"

"காது சரியாக் கேக்கல மாப்பிள்ளை."

"கப்பல்! அந்த மாதிரி கப்பலை எவனும் பார்த்திருக்க மாட்டான்!"

"அண்ணே, அதான் கப்பல்னுட்டாரே, ஊதித் தொலையேன்!" என்றாள் மனைவி.

படகோட்டி நிதானமாகச் சோம்பல் முறித்து, போய் ஊதினார். ஊதின ஊதலில் தென்னையிலிருந்து நாலு குலை காய் விழுந்தது. படகு போய்விடுமோ என்ற பயத்தில் மீசைக்காரர் அண்டாவையே மறந்துவிட்டு முதல் ஆளாகப் படகில் ஏறினார்.

கடை தப்பித்தது. மனைவி காலி அண்டாவை எட்டிப் பார்த்தாள்.

"இனிமே புதுசாத்தான் போடணும். எப்படிப் போடறதுன்னு ஞாபகம் இருக்கா?"

"உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்!"

கடைசியாக இன்னொரு சத்தியம்: அந்தத் தீவையும் கரையையும் இணைக்கும் பாலத்தைக் கடைக்காரர் பிறப்பதற்கு முன்பே கட்டிவிட்டார்கள். அங்கே படகே கிடையாது.