தொலமைட் கல்லும் வினோதனின் மூக்கும்

வினோதனுக்குக் கொரோனா வந்து சுகமான பிறகும் மணம் மட்டும் திரும்பவில்லை. உட்துறைமுக வீதியில் சாப்பாட்டுக்கடை நடத்துகிற மனுசனுக்கு இதைவிட வேறென்ன கேடு வேண்டும்? அதனால் அவன் மனைவி சுதர்சிகாதான் அவனுக்கு மூக்காக இருந்தாள். வேலையால் வந்ததும் நேரே குசினிக்குள் போய், கொதிக்கிற சட்டிக்கு மேலே குனிந்து, "பெருஞ்சீரகம் கூடிப்போச்சு", "வெங்காயம் இன்னும் வதங்கோணும்" என்று சொல்லுவாள். அவள் கண்ணை மூடி மணம் பிடிக்கிற அழகைப் பார்ப்பதற்காகவே, சரியாக வந்த கறிக்கும் வினோதன் அவளைக் கூப்பிடுவான்.

சுதர்சிகா ஒரு இரசாயனப் பொறியியலாளர். சீனக்குடாவில் முனாப் நானாவின் பீங்கான் தொழிற்சாலையில் வேலை. காஸ் சிலிண்டருக்கு ஊரே வரிசையில் நின்ற வருசத்துக்குப் பிறகு, முனாப் நானா நிலக்கரியிலிருந்து எரிவாயு எடுக்கிற உலை ஒன்றைக் கட்டினார். அந்த வாயுவில் சூளை எரிந்தது. ஆனால் நிலக்கரியில் இருந்த கந்தகமும் வாயுவோடு சேர்ந்து வந்தது. கோப்பைகளின் மினுக்கம் கொப்புளித்துப் போனது. வளவெல்லாம் கூழ்முட்டை நாற்றம். கந்தகத்தைப் பிரித்தெடுக்கிற வேலை சுதர்சிகாவின் தலையில் விழுந்தது. அந்த நாற்றத்துக்குள்ளேயே நின்று நின்று, கொஞ்ச நாளில் அவளுடைய மூக்கும் மரத்துவிட்டது. அதை அவள் கவனிக்கவேயில்லை.

ஒருநாள் பின்னேரம் அடிப்பிடித்த பாரைமீன் குழம்பைச் "சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டாள். பரிமாறிய சாப்பாட்டுக் கோப்பையெல்லாம் அப்படியே திரும்பி வந்தது. சுதர்சிகா குசினிக் கதிரையில் இருந்து அழுதாள்.

"உங்கட பிழைப்பையும் நான் கெடுத்துப்போட்டன்."

"விடும் சுதா. எங்கட வீட்டில இப்ப ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு மூக்கும் இல்லை, அவ்வளவுதான்," என்று வினோதன் சிரித்தான். பிறகு அவளுக்குப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தான்.

அடுத்த நாளிலிருந்து அவள் வேலையில் ஒரு வேகம் வந்தது. சூடான வாயுவைச் சுண்ணாம்புக்கல் நிரப்பிய கோபுரத்துக்குள்ளால் விட்டால் சுண்ணாம்பு கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும். முதல் போட்ட கல் சூட்டில் மாவாக உதிர்ந்து கோபுரத்தை அடைத்தது. பிறகு மாத்தளைப் பக்கமிருந்து தொலமைட் கல்லு எடுப்பித்தாள். தென்னைக்குத் தூளாகப் போடுகிற அதே கல்லுத்தான். அதைத் துண்டு துண்டாக உடைத்து நிரப்பினாள். அது உதிரவில்லை. கந்தகம் பட்டால் கறுக்கிற சோதனைத் தாளை வாயுவில் பிடித்தாள். தாள் வெள்ளையாகவே இருந்தது. அந்தச் சூளையில் வெந்த கோப்பைகள் முகம் பார்க்கலாம் போல வந்தன.

மிச்சமிருந்தது பாவித்த கல்லுத்தான். அது நனைந்தால், பிடித்த கந்தகத்தைத் திரும்பவும் நச்சு வாயுவாக விட்டுவிடும். காற்றில் வறுத்தால் தீங்கில்லாத ஜிப்சமாகிவிடும். வறுக்கிற அடுப்பு கட்டி முடியுமட்டும் கல்லைத் தகரக் கொட்டிலுக்குள் குவித்து வைத்தாள்.

மாரி தொடங்கிவிட்டது. ஒருநாள் காற்றும் மழையுமாக அடிக்க, குடையோடு வினோதன் அவளைக் கூட்டிப்போக வந்தான். வளவுக்குள் கால் வைத்தவன் அப்படியே நின்றான்.

"சுதா, எங்கயோ கூழ்முட்டை நாறுது."

அவளுக்கு ஒன்றும் மணக்கவில்லை. கொட்டிலைப் பார்த்தாள். கூரைத் தகரம் ஒன்றைக் காற்று தூக்கிக்கொண்டு போயிருந்தது.

"நானா, எல்லாரையும் காத்து வாற பக்கமா வெளியில எடுங்கோ. ஒருத்தரும் கொட்டிலுக்குக் கிட்டப் போகக்கூடாது." வினோதனிடம் திரும்பி, "நீங்களும்தான்," என்றாள்.

வாயு முகமூடியைப் போட்டுக்கொண்டு, அதேபோல முகமூடி போட்ட இரண்டு தொழிலாளர்களோடு போய், கூரை ஓட்டையைத் தார்ப்பாய்ப் படங்கால் மூடிக் கட்டினாள். வாயு அளவுமானியின் முள் இறங்குமட்டும் ஒருவரையும் உள்ளே விடவில்லை. வினோதன் கேற்றடியில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாம் முடிந்து முகமூடியைக் கழற்றிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"இஞ்சருங்கோ, உங்களுக்கு மணந்ததா?"

அவனும் அப்போதுதான் அதை யோசித்தான். "ஓம். மணந்தது."

தன் நனைந்த சட்டைக் கையை அவன் மூக்கடியில் பிடித்தாள். "இது?"

"நாறுது."

"நல்லா நாறுதா?"

"படுமோசமா நாறுது, சுதா."

அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். அவனுக்கும் கண் கலங்கியது. முனாப் நானா கிட்ட வந்து, "என்ன தங்கச்சி, காஸ் தலைக்கேறிட்டா?" என்று கவலையோடு கேட்டார்.

வறுக்கிற அடுப்பு முடிந்தது. கல்லு ஜிப்சமானது, நாற்றம் நின்றது. சுதர்சிகாவின் மூக்கும் மெல்லத் தெளிந்தது. வினோதனுக்கு முதலில் கெட்ட மணம் மட்டும்தான் திரும்பியது: வாய்க்கால், மண்ணெண்ணெய், மீன்கழிவு. ஒவ்வொன்றையும் அவளுக்குப் போன் எடுத்துச் சொன்னான்.

ஒருநாள் காலை, இறக்கக்கண்டியில் மீன் வாங்கப் போன இடத்திலிருந்து போன் எடுத்தான்.

"சுதா, பழுதாப்போன இறாலை மணத்திலயே பிடிச்சு, வேண்டாமெண்டு திருப்பிக் குடுத்திட்டன். நானே பிடிச்சனான்."

கோபுரத்தடியில் சோதனைத் தாளோடு நின்ற சுதர்சிகா, தாளைக் கீழே வைத்துவிட்டு, அவன் கதை முடியுமட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.