விடுப்பில் அடித்த மருந்து

அவன் விடுப்பில் வந்து இறங்கியபோது சோளம் இடுப்புயரம் வளர்ந்திருந்தது. இந்த வெள்ளாமை நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தால், நகரத்துத் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு ஒரேயடியாக வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவன் மனைவி நிலத்தைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் அவள் கண்விழித்தபோது பக்கத்தில் அவன் இல்லை. வாசலுக்கு வந்தால், முதுகிலிருந்து தெளிப்பானைக் கழற்றிக்கொண்டிருந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"மகாராணி எழுந்தாச்சா? வயல் முழுக்க மருந்தடிச்சாச்சு!"

"என்னங்க சொல்றீங்க?"

"இலைக்கு அடியில ஒரே அசுவினிப் பூச்சி. அதுகூடப் பரவாயில்ல. கறுப்பா, ஆரஞ்சுப் புள்ளி வச்சு, முள்ளு முள்ளா ஒரு புழு ஊர்ந்துச்சு பாரு, குட்டி முதலை மாதிரி! எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. ஒண்ணைக்கூட விடல."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவை பொறிவண்டுக் குஞ்சுகள். அசுவினியைத் தின்று தீர்ப்பவை. அவற்றுக்காகத்தான் அவள் மருந்தைத் தொடாமல் இருந்தாள். இலையைத் திருப்பித் திருப்பி, 'இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கடா, அவர் வரணும்' என்று கெஞ்சியிருக்கிறாள். ஃபோனில் அவனிடம் சொல்லத் தோன்றவில்லை. அவர்கள் பேச்சு எப்போதும் சாப்பாட்டில் தொடங்கித் தூக்கத்தில் முடிந்துவிடும்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? சபாஷ்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

சிறுபிள்ளைபோல் சிரித்துக்கொண்டு நின்றான்.

"கை எரியப்போகுது. முதல்ல சோப்புப் போட்டுக் கழுவுங்க."

அவன் விடுப்பு முடிவதற்குள் அசுவினி திரும்பி வந்தது. தின்ன ஆளில்லாத வயலில் அது முன்னைவிட அப்பிக்கொண்டது. மறுபடி அடித்த மருந்துக்கும் அசையவில்லை. இலைகள் பிசுபிசுத்துக் கறுத்தன. கதிர்கள் வெளியே வரமுடியாமல் திணறின.

அவன் பெட்டியை எடுத்துக்கொண்டான். இருவரும் பஸ் நிறுத்தம்வரை நடந்தார்கள்.

"அடுத்த தடவை முன்னாடியே வந்து அடிச்சிடறேன். நீ கவலைப்படாத" என்றான் ஜன்னலோரம் உட்கார்ந்து.

இனியும் மறைக்க முடியாது.

"வேண்டாங்க. அந்த முதலைங்க நம்ம ஆளுங்க. அசுவினியைத் தின்னுட்டிருந்ததே அதுங்கதான்."

அவன் முகம் செத்துப்போயிற்று.

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"நீங்க அப்படிச் சிரிச்சு ரொம்ப நாளாச்சு."

ஜன்னல் கம்பியில் இருந்த அவள் விரல்களை அவன் பற்றிக்கொண்டான். பஸ் நகர்ந்தது. அவளும் கூடவே கொஞ்ச தூரம் நடந்தாள்.