வெறும் முதுகு வலி

இஞ்ஞாசி சிங்கப்பூரில் செம்பவாங் கப்பல் பட்டறையில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். முதுகு வலிக்கிறது என்று அவர் முதன்முதலில் சொன்னபோது, மகள் ஈவா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சமூக மன்றத்தில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பவள் அவள். முதுகு வலியோடு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறாள்.

"மசில் டைட் ஆயிருக்கு, அவ்ளோதான்பா. நான் சொல்ற மாதிரி ஸ்ட்ரெச் பண்ணுங்க."

அவரும் செய்தார். குனியும்போது முகம் சுருங்கும். "இன்னும் கொஞ்சம்பா, விட்றாதீங்க" என்பாள்.

வாரங்கள் போயின. சட்டை தொளதொளவென்று தொங்கியது. உடற்பயிற்சியில் உடம்பு இளைத்துவிட்டது என்று ஈவாவுக்குப் பெருமைதான். சாயங்காலமானால் அவருக்கு உடம்பு கணகணவென்று சுடும். காலையில் தலையணை ஈரமாக இருக்கும். வெக்கை என்று அவரே சொல்லிக்கொண்டார். ஒருநாள் மட்டும் மெதுவாகக் கேட்டார்.

"டாக்டர்கிட்ட ஒரு எட்டு போய்ட்டு வரலாமா, ஈவா?"

"முதுகு வலிக்கெல்லாம் எதுக்குப்பா? பெயின் கில்லர் கொடுத்து அனுப்பிடுவாங்க லா."

அவர் மறுபடி கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசையில் முழந்தாளிட்டவர் எழ முடியாமல் அப்படியே இருந்துவிட்டார். மற்றவர்கள் எழுந்து பாட ஆரம்பித்துவிட்டார்கள். ஈவா தோளைத் தொட்டாள்.

"கால் இருக்கிற மாதிரியே தெரியலம்மா" என்றார்.

மருத்துவமனையில் ஸ்கேன் படத்தைத் திரையில் காட்டி டாக்டர் நஃபீசா விளக்கினார். முதுகெலும்பில் காசநோய். இரண்டு எலும்புகள் அரிக்கப்பட்டு, நொறுங்கிச் சரிந்திருந்தன. பக்கத்தில் சேர்ந்த சீழ் தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தது.

"அவருக்கு இருமலே இல்லையே, டாக்டர்."

"முதுகுல வந்தா பல பேருக்கு இருமல் இருக்காது. கிருமி எப்பவோ உடம்புக்குள்ள போய்த் தூங்கிக்கிட்டு இருந்திருக்கும். வலி, காய்ச்சல், எடை குறையறது, இதெல்லாம்தான் அடையாளம். இவ்வளவு நாள் எங்கயுமே காட்டலையா?"



அறுவை சிகிச்சை செய்து சீழை எடுத்தார்கள். எலும்புக்குத் தாங்கலாகக் கம்பி வைத்தார்கள். ஒரு வருடத்துக்கு மாத்திரை. தினமும் பாலிகிளினிக்கில் தாதி முன்னால் விழுங்க வேண்டும். ஈவா வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு, சக்கர நாற்காலியில் தள்ளிப்போனாள். சிறுநீர் செம்மஞ்சளாகப் போனபோது அவர் பயந்துவிட்டார். மாத்திரையின் நிறம்தான் என்று தாதி தேற்றினார். மாதங்கள் கழித்துக் காய்ச்சல் போயிற்று, பசி திரும்பியது. வலது காலில் உயிர் வந்தது. இடது கால் மட்டும் இழுத்துக்கொண்டே இருந்தது. முதுகு நடுவில் லேசாகப் புடைத்து நின்றது.

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா கால் முழுசாத் தேறியிருக்கலாம்" என்றார் டாக்டர். திட்டும் குரலில் அல்ல, வருத்தத்தோடு.

அன்று பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தபோது, ஈவா அதற்குமேல் தாங்க முடியாமல் சொன்னாள்.

"என்னாலதான்பா."

அப்படியெல்லாம் இல்லை என்பார் என்று நினைத்தாள். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கேட்டப்ப கூட்டிட்டுப் போயிருக்கலாம்" என்றார். "நானும் தனியாப் போயிருக்கலாம். நீ சொன்னா சரியா இருக்கும்னு இருந்துட்டேன்."

பஸ் வந்தது. ஓட்டுநர் இறங்கிச் சாய்தளத்தை விரித்தார். ஈவா கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியைத் தள்ளினாள்.