சீதையின் மரத்தைப் பிடுங்கிய அனுமார்

என் புருஷன் குள்ளாயப்பாவுக்குக் கைதட்டல் கேட்டால் தலைகால் புரியாது. தோல்பாவைக் கூத்தில் அவன் ஆட்டும் அனுமாரைப் பார்க்க அனந்தபுரம் பக்கமெல்லாம் கூட்டம் நெரியும். திரைக்குப் பின்னால் சீதைக்குக் குரல் கொடுக்கிறவள் நான், திப்பம்மா. அதை யார் பேசுகிறார்கள்!

ஏரிக்கரைப் புளியமரத்தை வெட்டப் போகிறார்கள் என்று தெரிந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பஸ்சுக்கு நிற்கிறவர்கள், களையெடுத்துத் திரும்புகிறவர்கள், எல்லோருக்கும் எங்கள் ஊர் வெயிலில் அது ஒன்றுதான் நிழல். பொம்மைக்கான ஆட்டுத்தோலை நாங்கள் சுரண்டிக் காயவைப்பதும் அதன் அடியில்தான். ஊர்த் தலைவர், சர்பஞ்சு ஓபுல்ரெட்டி தன் அப்பா பெயரில் பாதைக்கு மேலே ஒரு அலங்கார வளைவு கட்டப் போகிறாராம், மரம் குறுக்கே நிற்கிறதாம். மங்களமாக ஆரம்பிக்கலாம் என்று சுந்தரகாண்டம் ஆடச் சொன்னதும் அவரேதான்.

"கூத்துல மரத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுய்யா" என்றேன்.

"அடி போடி! சுந்தரகாண்டத்துல மரத்தைப் பிடுங்குறதே அனுமாருதான். அசோகவனத்தை அழிக்கிற சாமியக் கையில வச்சிக்கிட்டு, மரத்தைக் காப்பாத்துங்கன்னு சொன்னா ஊரு சிரிக்காதா?"

அவன் சொன்னது நியாயம்தான். அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சல்.

பொழுது சாய்ந்ததும் விளக்கேற்றினோம். அசோகவன மரங்களை ஈச்சமுள்ளால் திரையில் குத்தி நிறுத்தினேன். நடுவில் சீதை, அவளுக்கு மேலே ஒரு பெரிய மரம். அனுமார் வனத்தையெல்லாம் அழிப்பார், அம்மா உட்கார்ந்த மரத்தை மட்டும் தொடமாட்டார். எங்கள் ஜனத்தில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி அது.

அனுமார் வந்தார். முதல் மரத்தைப் பிடுங்கியதும் விசில் பறந்தது. அடுத்ததற்கு எழுந்து ஆடினார்கள். முன்வரிசையிலிருந்த ஓபுல்ரெட்டி துண்டைச் சுழற்றினார்.

"பாத்தீங்களாடா! சாமியே வனத்தைப் பிடுங்குது. நான் ஒத்தப் புளியமரத்தை வெட்டினா குத்தமா?"

கூட்டம் கைதட்டிச் சிரித்தது. போச்சு, மரம் போச்சு என்று நினைத்தேன். அந்தக் கைதட்டலும் தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டான் என் மகராசன். தாளத்துக்கு மிதிக்கும் கால்பலகை அதிர ஒரு குதி குதித்து, சீதையின் மரத்தையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டான்!

மிருதங்கம் நின்றது. திரையில் சீதை மொட்டைவெளியில் உட்கார்ந்திருந்தாள். பெண்கள் பக்கமிருந்து "அய்யய்யோ, அம்மா!" என்று குரல் எழுந்தது.

"கெட்டுச்சுடி காரியம்" என்று குள்ளாயப்பா என் காதில் முனகினான்.

எங்கள் கூத்தில் பங்காரக்கா என்று ஒரு வாயாடிப் பொம்மை உண்டு. அவள் எந்தக் கட்டத்திலும் உள்ளே நுழையலாம், யாரையும் திட்டலாம். சாமியானாலும் சர்பஞ்சானாலும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான், கோபித்துக்கொண்டால் ஊர் சும்மா விடாது. நான் பங்காரக்காவை எடுத்தேன்.

"ஏ கொரங்கே! கண்ணு அவிஞ்சு போச்சா? எங்கம்மாவுக்கு இருந்த ஒரே நெழலுடா அது. நீ ஒளிஞ்சிருந்து பாத்ததும் அந்த மரத்து மேலதானே? ஏறின மரத்தையே பிடுங்குறியே, நீயெல்லாம் ஒரு தூதனா?"

அனுமார் கைகூப்பினார். "தப்புதான்க்கா. முன்வரிசையில ஒரு பெரிய மனுசரு துண்டைச் சுத்தினாரு. அந்த ஜோருல புத்தி பெசகிப்போச்சு. மரத்தை நட்டுரு, உனக்குப் புண்ணியமாப் போவும்."

"நடுற முள்ளு என் கையில இருக்கு. நட்டா மட்டும் நிக்குமா? நாளைக்கு ஏரிக்கரை மரத்தை வெட்டுவாங்க, அப்ப எந்தம்மா வெயில்ல காய்வா? சர்பஞ்சு ஊட்டு சென்னம்மாக்கா, காலேஜ் போற மகளுக்காக சாயங்காலம் எங்க உக்காந்து பஸ்ஸு பாக்குற நீ?"

ரெட்டியின் பெண்டாட்டி சென்னம்மா பெண்கள் கூட்டத்திலிருந்து எழுந்தாள். "புளியமரத்தடியிலதான் திப்பம்மா. இனிமே என்னை அந்த வளைவு மேல ஏறி உக்காரச் சொல்றாரு போல!"

சிரிப்பில் கொட்டகையே அதிர்ந்தது. நான் முள்ளை விரலில் பிடித்தபடி நின்றேன். ரெட்டி என்ன இருந்தாலும் சனிக்கிழமை தவறாமல் அனுமாருக்கு வெற்றிலைமாலை போடுகிற மனுசர். அவர் கண் சீதையின் வெறுந்தலையை விட்டு நகரவில்லை.

"வளைவைத் தள்ளிக் கட்டிக்கிறேன். மரத்தை யாரும் தொடமாட்டாங்க, சாமி சாட்சியாச் சொல்றேன். மொதல்ல அம்மாவுக்கு நெழலக் குடு தாயி!" என்றார்.

மரத்தை வைத்து முள்ளைக் குத்தினேன். பெண்கள் ஓடிவந்து திரைக்குக் கற்பூரம் காட்டினார்கள். சந்தோஷத்தில் எனக்கு அப்புறம் சீதையின் அழுகைக் குரலே வரவில்லை.

வளைவு இப்போது பாதையை விட்டு விலகி, கோணலாக நிற்கிறது. தோல் நாற்றம் தாங்கவில்லை என்று ரெட்டி எங்களைத் திட்டுவதும் அந்தப் புளியமர நிழலில் உட்கார்ந்துகொண்டுதான்.

அன்றைக்கு வேண்டுமென்றே பிடுங்கினதாகக் குள்ளாயப்பா போகிற ஊரிலெல்லாம் அளந்துவிடுகிறான். நானும் ஆமாம் போடுகிறேன். ஆனால் சுந்தரகாண்டம் ஆடும்போதெல்லாம், சீதையின் மரத்தை மட்டும் ஊசிநூல் போட்டுத் திரையோடு தைத்துவிடுகிறேன்.