பத்தாம் எண் சட்டை

சர்ஃபராஸைக் கால்பந்து இறுதி ஆட்டத்தில் இறக்க வேண்டாம் என்று கேட்க அவன் மனைவி மெஹ்ரீன் வந்தபோது, வடிவேல் பர்மாவில், இன்சீன் சந்தையில் தன் சைக்கிள் சாமான் கடையைத் திறந்துகொண்டிருந்தார். உள்ளே வந்து உட்காரும்மா என்றார். அவள் உட்காரவில்லை. தெருவுக்கு முதுகைக் காட்டி நின்று, சந்தை இரைச்சலில் அமுங்கிப்போகிற குரலில் பேசினாள்.

அது 2007 நவம்பர். செப்டம்பரில் ராணுவ ஆட்சியை எதிர்த்துப் புத்த பிக்குகள் ஊர்வலம் போனபோது தெருவோரம் நின்ற ஆயிரக்கணக்கானவர்களில் சர்ஃபராஸும் ஒருவன். பயிற்சி முடிந்து வருகிற வழியில் ஒரு பெட்டி தண்ணீர்ப் பாட்டில் வாங்கி, நடந்து களைத்தவர்களுக்குக் கொடுத்தான். அவன் செய்தது அவ்வளவுதான். அதன் பிறகு ராணுவத்தார் சுட்டார்கள், ஊரடங்கு போட்டார்கள், தெருக்கள் காலியாயின. ஆனால் அன்று யார் யாரோ எடுத்த படங்கள் எங்கேயோ இருந்தன. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக ஆள் தேடினார்கள். பக்கத்துத் தெருவில் பலகாரக் கடை வைத்திருந்தவர் ஊர்வலத்தைப் பார்த்துக் கைதட்டினார் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் இன்னும் திரும்பவில்லை. அவருடைய கடை திறக்கவும் இல்லை. ஏன் திறக்கவில்லை என்று யாரும் கேட்கவும் இல்லை.

மெஹ்ரீனின் சித்தப்பாவின் துணிக்கடைக்கு முந்தின நாள் இரண்டு பேர் வந்து ஒரு படத்தைக் காட்டியிருக்கிறார்கள்.

"மொகம் சரியாத் தெரியலையாம்ணே. பாதி திரும்பி நிக்கிறாராம். ஆனா முதுகுல பத்துன்னு இருக்குது. நீலச் சட்டை."

 அணிக்கு அந்தச் சட்டைகளைத் தைக்கச் சொன்னதே வடிவேல்தான். ஆனாலும் அவர் வாயிலிருந்து முதலில் வந்தது, "அவன் இல்லாம எப்படிம்மா?" என்ற கேள்விதான்.

மெஹ்ரீன் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நீங்க பதினோரு பேர் இருக்கீங்கண்ணே. எனக்கு அவர் ஒருத்தர்தான்" என்றாள். அதற்கு மேல் நிற்காமல் போய்விட்டாள்.

இன்சீன் அணிக்கு வடிவேல்தான் பயிற்சியாளர். பையன்கள் பர்மியப் பழக்கப்படி அவரைச் 'சயா', அதாவது ஆசான், என்பார்கள். அவருடைய காலத்தில் அணி இருமுறை இறுதி ஆட்டத்துக்குப் போய் இருமுறையும் தோற்றது. நடுக்களத்தில் நின்று மொத்த மைதானத்தையும் பார்க்கத் தெரிந்த ஒருவன் இல்லாமல் எந்த அணியும் கோப்பை வாங்காது என்பது அவருடைய முடிவு. அவருடைய கூட்டாளி கபீர், ஒரு காலத்தில் கோல்காப்பாளர், இப்போது தையல்காரர், இதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. கோல் விடாத பத்துப் பேர் போதும், ராஜா தேவையில்லை என்பார். சாயாக்கடையில் இந்தச் சண்டை வருஷக்கணக்காக நடந்தது. சர்ஃபராஸ் வந்த பிறகு வடிவேல் ஜெயித்துவிட்டதாகவே நினைத்திருந்தார். அவன் காலில் பந்து பட்டால் மற்ற பையன்கள் தானாக ஓட ஆரம்பிப்பார்கள். பந்து அவர்கள் இருக்கிற இடத்துக்கு வந்து சேரும். செப்டம்பரில் நடக்க வேண்டிய இறுதி ஆட்டம் ஊரடங்கால் தள்ளிப்போய் இப்போது மிங்கலாடோன் அணியோடு நடக்க இருந்தது.

அன்று மதியமே வார்டுத் தலைவர் ஊ தௌங் மியிண்ட் கடைக்கு வந்தார். சைக்கிள் செயின் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். ஞாயிற்றுக்கிழமை பெரிய அதிகாரி ஒருவர் கோப்பை கொடுக்க வருகிறார், மைதானத்தில் எந்தக் குறையும் இருக்கக் கூடாது என்றார். போகும்போது, "உங்கள் பத்தாம் நம்பர் ஆடுவான் அல்லவா? எல்லோரும் அவனைப் பார்க்கத்தான் வருகிறார்கள்" என்று பர்மிய மொழியில் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

அவர் பந்தாட்டப் பிரியர். நல்லவர் என்றும் சிலர் சொல்வார்கள். அந்தக் கேள்வியை ரசிகராகக் கேட்டாரா, வேறு யாருக்காகவோ கேட்டாரா என்று வடிவேலுக்குத் தெரியவில்லை. ஆடுவான் என்று தலையை ஆட்டினார். வார்டுத் தலைவர் போனதும் கடையைச் சாத்திவிட்டுக் கபீரைத் தேடிப் போனார்.

கபீரின் தையல் கடையில் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு நாலு பேர் உட்கார்ந்தார்கள்: வடிவேல், கபீர், சர்ஃபராஸ், தற்காப்பு ஆட்டக்காரன் பழனியப்பன். பழனியப்பன் துறைமுகக் கிடங்கில் வேலை செய்பவன். முன்வழுக்கை, தொப்பை, அணியிலேயே வயதில் மூத்தவன். தையல் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கட்டும் என்று கபீர் அதை மிதித்தபடியே பேசினார்.

சர்ஃபராஸ் ஒளிய மாட்டேன் என்றான். நான் தண்ணீர்தானே கொடுத்தேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். பயம் அவனுக்கும் இருந்தது. ஒவ்வொரு முறை வெளியே செருப்புச் சத்தம் கேட்டபோதும் அவன் பேச்சு நின்றது. ஆனால் அதைவிடப் பெரிதாக இன்னொன்று இருந்தது.

"நான் இல்லாட்டி தோத்துடுவீங்க சயா. உங்களுக்கே தெரியும்."

 அதுதான் வடிவேல் இத்தனை வருஷமாகச் சொல்லிவந்தது. கபீர் இயந்திரத்தை நிறுத்தினார்.

"தோத்தா நாங்க வீட்டுக்குப் போவோம்டா. நீ ஆடுனா வீட்டுக்குப் போவியா?"

 கபீர் மறுபடி மிதிக்க ஆரம்பித்தார்.

அடுத்த சிக்கல் சட்டை. பத்தாம் எண் மைதானத்துக்கே வரவில்லையென்றால், அது நாமே போய் ஆளைக் காட்டிக்கொடுப்பதற்குச் சமம். போட்டால், போட்டவனைத் தேடி வருவார்கள். வேறு நிறத்தில் புதிதாகத் தைக்கலாமா என்று வடிவேல் கேட்டார். தைத்தால் ஏன் தைத்தாய் என்ற கேள்வி முதலில் தன்னிடம்தான் வரும் என்றார் கபீர். அப்போதுதான் பழனியப்பன், அதுவரை வெற்றிலையை மென்றுகொண்டிருந்தவன், நான் போடுகிறேன் என்றான். ஊர்வலம் நடந்த அன்று தான் வெளியூரில், பகோவில், மைத்துனி கல்யாணத்தில் இருந்ததாகவும், ஊரே அதற்குச் சாட்சி என்றும் சொன்னான். தன் முதுகைப் பார்த்து எவனும் சர்ஃபராஸ் என்று சொல்ல மாட்டான் என்றான். சிரிப்பு வர வேண்டிய இடம். யாருக்கும் வரவில்லை.

கேட்டால் என்ன சொல்வது என்று அங்கேயே பேசி வைத்துக்கொண்டார்கள். சட்டையெல்லாம் ஒரே மூட்டையில் கிடக்கும், கைக்கு வந்ததைப் போடுவோம், யாருக்கும் சொந்த எண் கிடையாது. சர்ஃபராஸ் என்று ஒருவன் ஆடினான், காலில் அடிபட்டு நின்றுவிட்டான், எங்கே என்று தெரியாது.

சர்ஃபராஸ் மறுநாள் கூலியாட்களோடு கூலியாளாகப் படகேறி ஆற்றுக்கு அக்கரையில் டாலாவுக்குப் போனான். அங்கே மெஹ்ரீனின் பெரியம்மா மகன் வீடு. வீட்டில் வெளியாள் தங்கினால் வார்டு அலுவலகத்தில் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் வைத்துக்கொண்டு சோதனை வந்தால் மொத்தக் குடும்பமும் போகும். அவர்கள் அவனை உள்ளே விட்டார்கள், ஆனால் சாப்பாடு வைக்கும்போதே எப்போது கிளம்புகிறாய் என்று கேட்டார்கள் என்று பின்னால் மெஹ்ரீன் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மைதானம் நிரம்பியிருந்தது. அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஊ தௌங் மியிண்ட். எல்லைக் கோட்டுக்கு அருகே, யாருக்கும் தெரியாத இரண்டு பேர் நின்றார்கள். ஒருவனிடம் காமிரா இருந்தது. பந்து எங்கே போனாலும் அந்தக் காமிரா அதைத் தொடரவில்லை.

நீலச் சட்டையில் பழனியப்பன் இறங்கியதும் மிங்கலாடோன் பையன்கள் இரண்டு பேர் அவனோடு ஒட்டிக்கொண்டார்கள். வடிவேலுக்கு முதலில் அது புரியவில்லை. பிறகு புரிந்தது. அவர்கள் சர்ஃபராஸை ஒருநாளும் பார்த்ததில்லை. இன்சீனின் பத்தாம் எண்ணை விடாதே என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பழனியப்பன் தண்ணீர் குடிக்க ஓரமாக வந்தாலும் அந்த இரண்டு பேரும் கூடவே வந்தார்கள். அவன் பந்தைத் தொடவே தேவையிருக்கவில்லை. மற்றவர்களுக்கு இடம் கிடைத்தது. ஆனால் அந்த இடத்தைப் பயன்படுத்தப் பையன்களுக்குத் தெம்பில்லை. பந்தைவிடக் காமிராவையே அதிகம் பார்த்தார்கள். எளிய பந்துகளைத் தவறவிட்டார்கள். கபீர் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று, விடாதே, விடாதே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் இடது பக்கத்தில் ஆளில்லாமல் ஓடிய இன்சீன் முன்வரிசைப் பையன் விநாயகமூர்த்தி பந்தை உள்ளே தள்ளினான். மிங்கலாடோன் அணி பதில் கோல் போட நேரமிருக்கவில்லை. இன்சீன் ஜெயித்தது. ரசிகர்கள் கத்தினார்கள். கோல் போட்டவன் கையைத் தூக்கிப் பாதியிலேயே இறக்கிக்கொண்டான்.

அதிகாரி கோப்பையைக் கொடுத்தார். படம் எடுத்தார்கள். எல்லாம் முடிந்து கூட்டம் கலையும்போது காமிராக்காரனின் கூட்டாளி வந்து பழனியப்பனின் தோளைத் தொட்டான். மரியாதையாகத்தான் கூப்பிட்டான். ஒரு சின்ன விசாரணை, வா என்றான். நானும் வருகிறேன் என்று வடிவேல் முன்னால் போனார். உன்னை யாரும் கூப்பிடவில்லை என்றான். வண்டி கிளம்பிப் போனது.

பழனியப்பனின் மனைவி அம்சவேணி விஷயம் கேட்டு வடிவேல் வீட்டுக்கு வந்தாள். வடிவேலின் மனைவி சாந்தி அவளை உட்காரவைத்தாள். அம்சவேணி அழவில்லை, திட்டவில்லை. சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள். கோப்பை மேசைமேல் இருந்தது. சாந்தி அதை எடுத்துக் கொண்டுபோய் உள்ளே எங்கேயோ வைத்தாள். வடிவேல், அவன் ஒன்றும் செய்யவில்லையே, விட்டுவிடுவார்கள் என்றார்.

"பலகாரக் கடைக்காரரு என்ன செஞ்சாரு?" என்று கேட்டாள் அம்சவேணி.

மறுநாள் மதியம் பழனியப்பன் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தான். மேலே சட்டையில்லை, யாரோ கொடுத்த பழைய பனியன் போட்டிருந்தான். அடிக்கவில்லை என்றான். சட்டையைப் போட்டு முதுகைத் திருப்பி நிற்கச் சொல்லி, படத்தை அருகே பிடித்துப் பார்த்தார்களாம். வெகுநேரம் அப்படியே நிற்கவைத்தார்களாம். படத்தில் இருப்பது இவன் முதுகில் பாதிகூட இல்லை என்று ஒருவன் சிரித்தானாம். யார் சட்டை என்று ஒரே கேள்வியைப் பல விதமாகக் கேட்டார்கள். பேசி வைத்ததையே சொன்னான். சட்டையை வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். இதையெல்லாம் சொல்லும்போது அவன் தொடை ஆடிக்கொண்டே இருந்தது. அம்சவேணி தன் கையை அதன்மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் வடிவேலையும் கூப்பிட்டார்கள். அவரும் அதையே சொன்னார். சொல்லும்போது தன் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது. படத்தை அவரிடமும் காட்டினார்கள். பாதி திரும்பிய அந்த முகத்தை அவர் நன்றாகப் பார்த்தார். கழுத்தின் சாய்வைப் பார்த்தாலே அவருக்குத் தெரியும். தெரியாது என்றார்.

அதற்குள் சர்ஃபராஸ் டாலாவை விட்டுப் போயிருந்தான். எல்லை தாண்டித் தாய்லாந்தில் மே சோட்டுக்குப் போய் ஒரு தையல் ஆலையில் சேர்ந்துவிட்டான் என்று மாதங்கள் கழித்துச் சேதி வந்தது. மெஹ்ரீனும் பிறகு போய்விட்டாள். போகும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. வடிவேல் அதைத் தவறாக நினைக்கவும் இல்லை.

கபீர் ஒருநாள், பார்த்தியா வடிவேலு, அவன் இல்லாமத்தான் ஜெயிச்சோம் என்றார். வடிவேல் தலையை அசைத்தார். அவன் பேரைக் கேட்டுத்தானே ரெண்டு பேர் பழனியப்பன் பின்னாடி ஓடினாங்க என்றார். முன்பானால் அந்தச் சண்டை சாயா ஆறும்வரை போகும். இருவருமே அதோடு விட்டுவிட்டார்கள். சாயாக்கடையில் பின்மேசையில் யாரோ புதிதாக ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

2010-இல் ஒரு காலை, சந்தை முனையில் இருந்த தொலைபேசிக் கடைக்கு வடிவேலைக் கூப்பிட்டார்கள். சர்ஃபராஸ்தான். குரல் கொஞ்சம் தடித்திருந்தது. பையன் பிறந்திருக்கிறான் என்றான். ஆலைக்குள்ளேயே ஒரு அணி வைத்திருக்கிறோம் என்றான். பிறகு தயங்கி, இத்தனை வருஷமாக மனத்தில் வைத்திருந்ததைக் கேட்டான்.

"சயா, நான் இல்லாம எப்படி ஜெயிச்சீங்க? யாரும் சரியா சொல்ல மாட்டேங்கிறாங்க."

வடிவேல் எல்லாவற்றையும் சொல்ல வாயெடுத்தார். தொலைபேசிக் கடைக்காரன் கணக்குப் பார்ப்பதுபோலக் குனிந்திருந்தான். கம்பியில் ஏதோ ஒரு சின்னச் சத்தம் கேட்டது. மழையின் சத்தமாக இருக்கலாம், யாரோ ஒட்டுக்கேட்பதாகவும் இருக்கலாம்.

"இங்க நல்ல மழைப்பா" என்றார் வடிவேல். "ஒடம்பப் பாத்துக்க."

ரிசீவரை வைத்துவிட்டு, கடைக்காரனின் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்தார்.