கரைய மறுத்த ஆறு மாத்திரைகள்

மருந்துத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் அண்ணிக்கு வேலை. மாத்திரை அழுத்தும் இயந்திரத்தில் கொழுந்தனுக்கு. ஒரே வீட்டிலிருந்து ஒரே பேருந்தில் வருவார்கள். உள்ளே நுழைந்துவிட்டால், அவன் செய்ததில் குறை கண்டுபிடிப்பதுதான் அவள் சம்பளத்துக்குச் செய்யும் வேலை.

போன வாரம் அவன் அனுப்பிய காய்ச்சல் மாத்திரைகளைச் சுழலும் டிரம்மில் போட்டு நூறு சுற்று உருட்டினாள். ஓரமெல்லாம் உதிர்ந்து பொடியாகிவிட்டது. திருப்பி அனுப்பினாள். அன்றிலிருந்து அவனுக்கு "மாவு மில்" என்று பெயர். ரோஷம் தாங்காமல் இந்த முறை அழுத்தத்தை ஏற்றி வைத்தான். மாத்திரைகளைத் தானே எடுத்துக்கொண்டு வந்தான்.

"சுவத்துல விட்டெறிஞ்சு பாருங்க அண்ணி, ஒரு கீறல் விழாது."

"சுவத்துக்கா தம்பி காய்ச்சல்? மனுஷன் வயித்துல கரையணும்ல?"

டிரம்மில் ஒரு துகள்கூட உதிரவில்லை. அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். அடுத்து, அடியில் வலை வைத்த ஆறு கண்ணாடிக் குழாய்களில் குழாய்க்கு ஒன்றாக மாத்திரைகளைப் போட்டாள். உடல் சூட்டில் இருந்த தண்ணீருக்குள் குழாய்கள் ஏறி இறங்கத் தொடங்கின. பதினைந்து நிமிடத்துக்குள் ஆறும் கரைந்தாக வேண்டும்.

பத்து நிமிடமாயிற்று. ஆறும் சட்டைப் பொத்தான் மாதிரி குலுங்கிக்கொண்டிருந்தன.

"தண்ணி ஆறிப்போயிருக்கும் அண்ணி."

"நீயே பாரு."

வெப்பமானி முப்பத்தேழு காட்டியது. பதினைந்தும் முடிந்தது. அவன் முகம் சுண்டிப்போனது.

"இன்னும் ரெண்டு நிமிஷம் விட்டுப் பாக்கலாமே. வீட்டு ஆளுன்னு ஒரு இது வேண்டாமா?"

"நாளைக்கு உன் பொண்ணுக்கே காய்ச்சல் வந்தா இதைத்தானே வாங்கிட்டு வருவ?"

'தேறவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஆனால் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா உட்கார முடியவில்லை. தலையுறையை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"வா, ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு கை பாப்போம்."

அவன் இயந்திரத்தின் அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்தினான். அவள் சோதித்தாள்: இருபத்திரண்டு நிமிடம். இன்னும் தளர்த்தினான்: பதினேழு. மூன்றாம் முறை திருகைத் தொட்டவன் கையை எடுத்துவிட்டான்.

"இதுக்கு மேல போனா மறுபடியும் மாவுதான் அண்ணி."

"பயப்படாம திருகு."

டிரம்மில் உருட்டியபோது உதிரவில்லை. தண்ணீருக்குள் ஒன்பதாவது நிமிடம் முதல் மாத்திரை பொலபொலவென்று கலைந்தது. பின்னாலேயே மற்றவையும். பதினொன்றில் ஆறு குழாயும் காலி. அவன் போட்ட கூச்சலில், ஏதோ வெடித்துவிட்டதென்று பயந்து பொட்டலம் கட்டும் பிரிவிலிருந்து நாலு பேர் ஓடி வந்தார்கள்.

அன்று மாலை அந்த அழுத்த அளவைப் பெரிய எழுத்தில் எழுதி இயந்திரத்தில் ஒட்டினான். கீழே ஒரு வரி: "அண்ணியைக் கேட்காமல் யாரும் தொடக்கூடாது."

யாருடைய அண்ணி என்று எழுத மறந்துவிட்டான். மறுநாளிலிருந்து, ஓய்வு பெற ஆறு மாதமே இருந்த மேலாளர் உட்பட, எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள்.