கேட்டுக்கு மட்டும் ஹெல்மெட்

காலை ஏழே முக்காலுக்கு அந்த டீக்கடைக்குப் போனால் ஒரு கூத்தைப் பார்க்கலாம். பைக்கில் வெறுந்தலையோடு வருகிறவர்கள் கடை முன்னால் நிறுத்துவார்கள். சுவரில் வரிசையாக அடித்த ஆணிகளில் நாற்பது ஹெல்மெட் தொங்கும். அவரவர் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஐம்பது அடி தள்ளியிருக்கும் தொழிற்சாலை கேட்டுக்குள் நுழைவார்கள். ஹெல்மெட் இல்லாவிட்டால் வாட்ச்மேன் உள்ளே விடமாட்டார். நிர்வாகத்தின் கண்டிப்பான விதி. சாயங்காலமும் அதே ஐம்பது அடிதான். ஹெல்மெட் ஆணிக்குப் போய்விடும். வீடு வரைக்கும் உள்ள பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அவர்களுக்குத் தலையே கிடையாது போலிருக்கிறது.

இந்த ஏற்பாடு வாட்ச்மேனுக்குத் தெரியும். மேனேஜருக்கும் தெரியும். பதிவேட்டில் எல்லார் பெயருக்கு நேரேயும் 'ஹெல்மெட் உண்டு' என்று இருக்கிறதே, அது போதாதா? பாதுகாப்புக்கான பரிசாக ஒரு கேடயம்கூட வாங்கி வரவேற்பறையில் வைத்திருக்கிறார்கள். வெட்கமாக இருக்காதோ?

நாற்பது பேரில் ஒருவன் லேத் மெஷின் ஓட்டுகிறவன். சட்டைப் பையில் எப்போதும் சீப்பு இருக்கும் என்பதால் அவனுக்குப் பெயரே 'சீப்பு' என்றாகிவிட்டது. அவன் மனைவி துணி தைக்கும் கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருக்கிறாள். அவனுக்கு முன்னால் கிளம்பி, அவனுக்குப் பின்னால் வீடு திரும்புகிறவள். அளவு நாடாவால் அவன் தலையைச் சுற்றி அளந்து, கடையில் நாலைந்து மாற்றிப் பார்த்து, அந்த ஹெல்மெட்டை வாங்கித் தந்தவள் அவள்தான்.

"போட்டுக்கிட்டுத்தானே போறீங்க?" என்று கேட்டால், "போடாம உள்ள விடுவானா?" என்பான். "வீட்டுல காணோமே?" என்றால், "வண்டியிலேயே பூட்டி, கவர் போட்டு மூடி வெச்சிருக்கேன்" என்பான். அவள் நம்பினாள்.

செவ்வாய்க்கிழமை மாலை அவன் வேகமாகக்கூடப் போகவில்லை. ஓரமாக நின்ற காரின் கதவு திடீரென்று திறந்தது. விழுந்தவனின் தலை நடைபாதையின் விளிம்பில் மோதியது. உடம்பில் வேறெங்கும் ஒரு கீறல் இல்லை.

"ஹெல்மெட் போடலையாம்மா?" என்று ஆஸ்பத்திரியில் அவளிடம் கேட்டார் டாக்டர்.

"போட்டிருந்தாரு டாக்டர்! விழுந்த இடத்துல எவனாவது தூக்கிட்டுப் போயிருப்பான்."

"போட்டிருந்தா இந்த அடி இந்த இடத்துல பட்டிருக்காதும்மா."

மண்டையைத் திறந்து ஆபரேஷன் நடந்தது. மூன்றாம் நாள் கண் விழித்தான். பக்கத்தில் நின்ற மனைவியை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நீங்க யாருங்க?" என்றான். நினைவு திரும்புமா என்று கேட்டதற்கு, இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

மறுநாள் மாலை அவள் நேராகத் தொழிற்சாலை கேட்டுக்கு வந்தாள். வாட்ச்மேன் பதிவேட்டை விரித்துக் காட்டினார். "பாருங்கம்மா, அன்னைக்கும் போட்டுக்கிட்டுத்தான் வெளிய போயிருக்காரு."

"அப்ப அது எங்க?"

வாட்ச்மேன் டீக்கடைப் பக்கம் கையைக் காட்டினார்.

அவள் வாங்கித் தந்த ஹெல்மெட் புதுக்கருக்கு மாறாமல் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைத் தொட்டு, "இது என் புருஷனோடது" என்றாள்.

"எடுத்துக்க தங்கச்சி, பத்திரமா வெச்சிருந்தேன்" என்றார் டீக்கடைக்காரர்.

"ஹெல்மெட்டப் பத்திரமா வெச்சிட்டீங்க. என் புருஷன் தலைய ரோட்டுல விட்டுட்டீங்களே அண்ணே!"

"நானா போட வேண்டாம்னு சொன்னேன்? நாலு பேரு நின்னு டீ குடிப்பாங்களேன்னு ஆணி அடிச்சு வெச்சேன்" என்றார் அவர்.

சங்கு ஊதியது. வேலை முடிந்தவர்கள் பைக்கில் வந்து கடை முன்னால் குவிந்தார்கள். முதலில் வந்த வெல்டர் வழக்கம்போல ஹெல்மெட்டைக் கழற்றப் போனான். அவள் குறுக்கே போய் நின்றாள்.

"எதுக்குக் கழட்டுறீங்க?"

"வேர்த்துக் கொட்டுதும்மா. முடியெல்லாம் உதிருது."

"முடியா? அவருக்கு மொத்தத்தையும் மழிச்சாச்சு! காதுலேருந்து காது வரைக்கும் தையல் போட்டிருக்கு. பதினேழு வருஷம் குடும்பம் நடத்தின என்னைப் பார்த்து, நீங்க யாருன்னு கேக்குறாரு. நீங்களும் உங்க வீட்டுல அப்படிக் கேக்கணுமா?"

பின்னால் நின்ற ஒருவன் கழற்றியதை மறுபடியும் மாட்டிக்கொண்டான். டீக்கடைக்காரர் உள்ளே போய்ச் சுத்தியலோடு வந்து, முதல் ஆணியைப் பிடுங்கினார். "இனிமே இங்க டீ மட்டும்தான்ப்பா. தலைய என்கிட்ட விட்டுட்டுப் போகாதீங்க" என்றார்.

அவள் வெல்டரின் தாடைக்குக் கீழே தொங்கிய வாரை இழுத்து அழுத்தி மாட்டினாள்.

"வாட்ச்மேனுக்குப் பயந்து போட்டா, வாட்ச்மேன் நிக்கிற இடத்துலதான் அது உங்களக் காப்பாத்தும். அங்க யாரும் விழுறதில்ல. உயிருக்காகப் போடுங்க. உங்க வீட்டு வாசல்ல மாட்டி, திரும்ப உங்க வீட்டு வாசல்லதான் கழட்டணும்!"